ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னா?

உங்க கிளாஸ்ல யாராவது ஒருத்தர் பாக்கெட்டில் அந்தக் குட்டிப் பொட்டலம் கண்டிப்பா இருக்கும். உதட்டுக்குள்ள ஒதுக்கிக்கிட்டு, லெக்சர் முழுக்க நல்ல பிள்ளையாட்டம் உட்கார்ந்திருப்பார். கேட்டா ரெடிமேட் பதில் ஒண்ணு வெச்சிருப்பார்: "ஏதாவது வந்தா ஸ்கேன் பண்ணிப் பார்த்துக்கலாம் மச்சி!" இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றித்தான்.

முதல்ல ஒரு விஷயம். வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஸ்கேன் இல்லை. டாக்டரின் கண்ணும் விரலும்தான் சந்தேகப்படும். சின்ன சதைத் துண்டை எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸி உறுதி செய்யும். ஸ்கேன் அதற்கப்புறம்தான். அது கேட்கிற கேள்வியே வேற: 'இது எதுவரைக்கும் போயிருக்கு?'

பெரும்பாலும் முதலில் போகிற இடம் கழுத்து. பல்வலி வந்தா 'நெறி கட்டியிருக்கு'ன்னு பாட்டி தடவிப் பார்ப்பாங்களே, அந்த நிணநீர் முடிச்சுகள்தான். அவற்றை அல்ட்ராசவுண்ட் பார்க்கும். தாடை எலும்பை நோய் அரித்திருக்கான்னு சி.டி. காட்டும். நாக்கில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னு எம்.ஆர்.ஐ. சொல்லும். நோய் முற்றியவர்களுக்கு உடம்பு முழுக்கத் தேட பெட்-சி.டி. அதில் லேசான கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றுவாங்க. புற்றுச் செல்கள் சர்க்கரைக்கு அலைகிறவை. அது அதிகமா சேருகிற இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் மாமாவோடு ஆஸ்பத்திரிக்கு நடந்த நடைதான். நாக்கு ஓரத்தில் புண். எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் 'டக டக' சத்தத்தில் ஆடாமல் அசையாமல் கிடந்தார். எச்சில் விழுங்கினாலே படம் கலங்கிவிடுமாம். ரிப்போர்ட் வந்தது: கழுத்தில் எதுவும் தெரியலை. வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்தது.

ஆனா டாக்டர், "கழுத்து முடிச்சுகளையும் எடுத்துடணும்" என்றார். அத்தை கொதிச்சிட்டாங்க. "ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே சார், எதுக்குக் கழுத்தை அறுக்கணும்?"

நியாயமான கேள்விதானே? பதில் இதுதான். முடிச்சு பெரிதானாலோ, அதன் உருவம் மாறினாலோதான் ஸ்கேன் சந்தேகப்படும். சாதாரண அளவு முடிச்சுக்குள் 2 மில்லிமீட்டருக்கும் குறைவா புற்று ஒளிந்திருந்தா, எந்த ஸ்கேனிலும் சிக்காமல் போகலாம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை இதை நேரடியாகவே சோதித்தது. ஆரம்பநிலை வாய்ப் புற்று, கழுத்தில் எதுவும் தென்படாத நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு முதல் ஆபரேஷனிலேயே முடிச்சுகளை எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு, கழுத்தில் நோய் தலைகாட்டிய பிறகு எடுத்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5 சதவீதம்.

மாமா சம்மதித்தார். எடுத்த முடிச்சுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது இரண்டில் புற்று இருந்தது. அப்புறம் ரேடியேஷன். இப்போ பேச்சு கொஞ்சம் குழறும், காரம் ஆகாது. ஆனா தினமும் கடை திறக்கிறார்.

ஸ்கேனைக் குறை சொல்லலை ஃப்ரெண்ட்ஸ். எங்கே வெட்டணும், எவ்வளவு வெட்டணும்னு சொல்ல அது இல்லாமல் முடியாது. ஆனா நோய் வேறிடம் கிளம்பிய பிறகு அதைத் துரத்துகிற கருவி அது. கிளம்புறதுக்கு முன்னாடி பிடிக்க ஒரு கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். 3 வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூணு விரலைச் செங்குத்தா வெச்சா நுழையாத வாய்... இதில் எது இருந்தாலும் பல் டாக்டரிடமோ ஈ.என்.டி. டாக்டரிடமோ போங்க.

அந்தப் பொட்டலக்காரரையும் கையோடு கூட்டிட்டுப் போங்க. வரமாட்டேன்னு அடம்பிடிச்சா, முதல்ல அந்த மூணு விரல் டெஸ்ட்டை மட்டும் கேன்டீன்லயே செய்யச் சொல்லுங்க.