மேஜைக்கு நான்காவது ஆள்

காந்தி படித்த காலத்து லண்டனில், பாரிஸ்டர் ஆக விரும்பும் மாணவன் குறைந்தது 72 தடவை சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். மொத்தம் 12 பருவங்கள். பருவத்துக்குச் சுமார் 24 விருந்துகள் நடக்கும்; அவற்றில் ஆறிலாவது தலைகாட்ட வேண்டும். சாப்பிட்டே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. குறித்த நேரத்துக்கு வந்து, விருந்து முடியும்வரை நாற்காலியை விட்டு எழாமல் இருந்தால் போதும். தேர்வுகளும் உண்டு. ஆனால் ரோமானியச் சட்டத் தேர்வில் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் தேறிவிடுவார்களாம். அப்படியென்றால் உண்மையான பாடம் எது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

1888 நவம்பரில் இன்னர் டெம்பிள் என்ற சட்டக் கழகத்தில் சேர்ந்த ராஜ்கோட் பையனுக்கு இதைவிட வில்லங்கமான பாடத்திட்டம் அமைந்திருக்க முடியாது. வயது 19. மதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர். நாலு பேர் நடுவே வாய் திறக்க வராதவர்.

பள்ளி நாட்களிலேயே அப்படித்தான். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவார், நிஜமாகவே ஓட்டம். யாராவது பேச்சுக் கொடுத்துவிட்டால், கேலி செய்துவிட்டால் என்ற பயம். 1888 தொடக்கத்தில் பாவ்நகர் சாமல்தாஸ் கல்லூரியில் சேர்த்தார்கள். பாடம் ஒன்றும் தலைக்குள் ஏறவில்லை. பேராசிரியர்கள் நல்லவர்கள்தான், நான்தான் பக்குவப்படாதவன் என்ற பொருளில் பின்னால் எழுதினார். ஒரு பருவம் முடிந்ததும் வீட்டோடு வந்துவிட்டார். ராஜ்கோட்டில் மாலை மணிக்குக் காத்திருந்தவர் பாவ்நகரில் பருவ விடுமுறைக்குக் காத்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலாண்டுக் கூச்சம் என்றதும் எல்லோரும் வகுப்பறையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வகுப்பறையில் கூச்ச சுபாவிக்கு எவ்வளவோ வசதி: கடைசி பெஞ்ச் இருக்கிறது, ரோல் நம்பர் இருக்கிறது, பேசுவதற்கென்றே ஒருவர் மேடையில் நிற்கிறார். சோதனை ஹாஸ்டல் மெஸ்ஸில்தான் காத்திருக்கிறது. தட்டில் சோறு வாங்கிய பிறகு எங்காவது உட்கார வேண்டும். காலியாகக் கிடக்கும் இடம் காலிதானா, யாருக்காவது பிடித்துவைத்ததா என்று கேட்க வேண்டும். மெஸ் மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது போய், மேஜை துடைப்பவருக்கு எதிரில் அவசரமாக விழுங்கிவிட்டு வரும் மாணவர்கள் இல்லாத விடுதி உண்டா? ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பா தீரும்வரை அந்தப் பக்கமே போகாதவர்கள் இன்னொரு கட்சி.

காந்தி டப்பாக் கட்சி. 1888 செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கிளைட் கப்பல் ஏறினார். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று பரிசாரகரைக் கேட்கத் துணிச்சல் இல்லை. எனவே அறைக்குள்ளேயே, கையோடு கொண்டுவந்த தின்பண்டங்களும் பழங்களும். அறையில் கூட இருந்த மஜ்முதார் என்ற வக்கீல், வெளியே வா, நாலு பேரிடம் பேசு, வக்கீலுக்கு நாக்கு நீள வேண்டும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். புத்திமதியால் கூச்சம் போனதாக எந்த ஊரிலும் செய்தி இல்லை.

லண்டனில் இறங்கிய அன்று டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா பார்க்க வந்தார். அவருடைய பளபளப்பான உயரத் தொப்பியை இவர் ஆசையாகத் தடவினார், ரோமம் படிந்திருந்த திசைக்கு எதிராக. மேத்தா கோபத்தை அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினார்: பிறர் பொருளைத் தொடாதே, பார்த்தவுடன் சொந்த விஷயங்களைக் கேட்காதே, உரக்கப் பேசாதே. மூன்றாவது அறிவுரை இந்த மாணவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

பிறகு விருந்துகள். மேஜைக்கு நாலு பேர். மோகன்தாஸ் சாப்பிடக்கூடியவை ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். ஆரம்பத்தில் அவற்றையும் தொடவில்லை. சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தார். அப்படிப்பட்டவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளச் சக மாணவர்கள் போட்டி போட்டார்கள். காரணம் எளிது: நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின் வரும். குடிக்காத ஒருவர் சேர்ந்தால் மூன்று பேருக்கு இரண்டு. பருவத்துக்கு ஒரு முறை ‘பெரிய இரவு’ என்று ஷாம்பேனும் சேர்ந்து வரும் நாளில் அவருக்குத் தனி அழைப்பே வந்தது. நாலு வார்த்தை பேசாதவருக்கு இவ்வளவு கிராக்கி. முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் தங்களையே பார்ப்பதாக நினைத்து வியர்க்கிறார்கள். இன்னர் டெம்பிளில் எல்லோரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்னால், சைவம் உண்ணும் ஒரு பார்சி மாணவரோடு சேர்ந்து விண்ணப்பம் கொடுத்து, மூத்த உறுப்பினர்களின் மேஜையிலிருந்து பழமும் காய்கறியும் வாங்கிக்கொண்டார். எழுத்தில் கேட்பதற்கு அவருக்குக் கூச்சமில்லை. சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அதே கதை. ஓர் உறுப்பினரை நீக்குவது பற்றிய விவாதத்தில் தன் கருத்தை எழுதிக்கொண்டு போனார். படிக்க அவருக்குத் துணிச்சல் வராததால், தலைவர் அதை வேறொருவரைக் கொண்டு படிக்க வைத்தார்.

நடுவில் நாகரிகம் பழகப் பணம் செலவழித்ததும் உண்டு. நடன வகுப்புக்கு மூன்று பவுன், வயலினுக்கு மூன்று பவுன், பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி. தாளத்துக்குக் கால் வரவில்லை. சில மாதங்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

1891 ஜூனில் பாரிஸ்டர். புறப்படும்முன் நண்பர்களுக்கு ஹோல்பர்ன் உணவகத்தில் சைவ விருந்து கொடுத்தார். ஒரு நகைச்சுவையோடு தொடங்கும் சிறு பேச்சை யோசித்து வைத்திருந்தார். எழுந்தார், முதல் வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு, கட்டணம் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படேல் என்ற வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படேல் 51 ரூபாய் வாங்கினார். கட்சிக்காரர் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூடத் தெரிந்துகொள்ளாமல் காந்தி நீதிமன்றத்தைவிட்டு வேகமாக வெளியேறினார்.