பாகாயத்துச் சக்கர நாற்காலிகள்

வேலூரைப் பற்றிப் பழைய வசை ஒன்று உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி எழுந்தருளி, மூன்றில் ஒன்றைத் தீர்த்துவிட்டார். பாலாற்றின் கதையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறுங்கள்; பாலத்தின் கீழே பெரும்பாலான நாட்களில் மணல்தான். அப்படியே ஊரைக் கடந்து போனால் பாகாயம்.

அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அது ஒரு பெண்மணியின் பிடிவாதத்தில் பிறந்தது. கேரளத்திலிருந்து வந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு மோட்டார் விபத்தில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியை இழந்தார். அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. 'கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே' என்று டாக்டர் பால் பிராண்ட் தூண்ட, சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் பயிற்சி. 1966-இல் பாகாயத்தில் நிலையம் எழுந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார்.

நோயாளியோடு வீட்டாருக்கும் அங்கே பாடம் உண்டு. அதுதான் உங்களுக்கும் எனக்கும் வேண்டியது. பக்கவாதம் வந்த மாமியாரையோ, விழுந்து எழுந்த தகப்பனாரையோ கட்டிலிலிருந்து இறக்குவது பெரும்பாலும் நம் தலையில்தானே விடிகிறது?

நாம் செய்யும் முதல் தப்பு, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது. அல்லது சுவாதீனமில்லாத கையைப் பிடித்து இழுப்பது. தளர்ந்திருக்கும் தோள் மூட்டு நழுவிவிடும்! நாற்காலியைக் கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாக, நோயாளியின் பலமான பக்கத்தில் போடுங்கள். பிரேக்கைப் பூட்டுங்கள், கால்மிதியை ஒதுக்குங்கள். சட்டென்று எழுப்பாமல், கட்டில் ஓரத்தில் கால் தொங்க இரண்டு நிமிஷம் உட்கார வையுங்கள். பல நாள் படுத்தவருக்குத் தலை சுற்றும். இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் முழங்காலுக்கு உங்கள் முழங்காலால் அண்டை கொடுங்கள். முதுகை வளைக்காமல் கால்களை மடக்கி நின்று, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று அவரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எழுகிறவர் அவர், நீங்கள் துணைதான். முந்தானையை முன்கூட்டியே செருகிக்கொள்ளாவிட்டால் சக்கரம் அதை விழுங்கிவிடும்!

காலால் சிறிதும் ஊன்ற முடியாதவரை இப்படி நிறுத்தப் பார்க்கக் கூடாது. அவருக்கு வழி வேறு. இயன்முறைப் பயிற்சியாளர் நேரில் காட்டித் தரவேண்டும்.

உணர்ச்சியற்ற உடம்புக்கு இன்னோர் ஆபத்து, புண். வலி தெரியாததால் அழுத்தமும் தெரிவதில்லை. படுக்கையில் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிவிட வேண்டும். வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் தொழில் மணக்கும் (சிலர் வேறு வார்த்தை சொல்வார்கள்) சீமை இது. ஆம்பூரின் பூட்ஸுகள் கடல் கடந்து போகின்றன. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் ஏற்பட்ட தொழுநோய் ஆஸ்பத்திரிக்கோ வேறொரு செருப்பு தேவைப்பட்டது. அடியில் மெத்தென்ற நுண்துளை ரப்பர், ஆணி கிடையாது. ஆணி குத்தினாலும் அந்தப் பாதத்துக்குத் தெரியாதே! பளபளப்பில் ஆம்பூர் ஜோடிக்கு அது ஈடாகாதுதான்; ஆனால் காலைக் காப்பாற்றியது.

நோயாளியை வீட்டுக்கு அழைத்து வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். குளியலறை வாசலை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 32 அங்குலம் வேண்டும். நம் வீட்டுக் குளியலறைகளில் பலவும் அதற்குக் குறைவு. கூடவே, வாசற்படியின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.