பனிமலையும் கரிக்குவியலும்

பேசின் பிரிட்ஜில் வாழ்வோர்க்கு மலை என்பது படத்தில் மட்டுமே காணும் பொருள். எங்கள் கண்ணுக்கு உயரமாய்த் தெரிந்தவை இரயில் மேம்பாலமும் துறைமுகத்துக் கரிக்குவியல்களுமே. அக்குவியல்களும் 2011-இல் நீதிமன்ற ஆணைக்குப் பின் எண்ணூர்ப் பக்கம் சென்றுவிட்டன. ஆயினும் சென்ட்ரலிலிருந்து டில்லி செல்லும் வண்டிகள் யாவும் எங்கள் சந்திப்பைக் கடந்தே செல்கின்றன. பெரிய முதுகுப்பைகளுடன் இமயத்தை நாடிச் செல்லும் இளைஞர்களை இப்போது அவற்றில் அடிக்கடி காண்கிறேன்.

எங்கள் தெருவிலும் ஒரு மாணவருக்கு அவ்வாசை பிறந்தது. உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் சேர விரும்பினார். அவருடைய அன்னையார் என்னிடம் வந்து, “நீங்கள் சொன்னால் கேட்பான் சார், போக வேண்டாமென்று சொல்லுங்கள்” என்றார்.

அவருடைய அச்சம் வீணானதன்று. 2022 அக்டோபர் 4 அன்று, அந்நிறுவனத்தின் குழுவொன்றைத் திரௌபதி கா தண்டா சிகரத்தருகே பனிச்சரிவு மூடியது. 29 பேர் மாண்டனர். அவ்வாண்டு மே மாதத்தில்தான் எவரெஸ்டையும் மக்காலுவையும் பதினாறே நாட்களில் வென்றிருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர் பதின்மர் பனியில் புதையுண்டதையும், அவர்களுள் நால்வர் தமிழர் என்பதையும் நாம் மறக்கவியலாது.

அக்டோபர் பனிக்காலத்தின் தொடக்கமன்றோ? பனி குறைவாக இருக்கும்போது ஆபத்தும் குறைவுதானே எனச் சிலர் எண்ணலாம். உண்மை வேறு. முதற்பனி மெல்லிய படலமாய்த் தரையில் தங்குகிறது. மேகமற்ற குளிரிரவுகளில் அது ஒட்டும் தன்மையை இழந்து, சர்க்கரைப் பரல்போல் உதிரியாகிறது. அதன்மேல் புதுப்பனி பொழிந்து, காற்றால் இறுகிப் பலகைபோல் படிகிறது. உதிரியின்மேல் பலகை நிலைக்குமா? ஒருவருடைய உடற்பாரமே அதனைப் பிளக்கப் போதுமானது. குவித்த கரியின் அடியில் கைவைத்தால் மேலிருப்பது சரிவதைத் துறைமுகத் தொழிலாளர் அறிவர். பனியோ, பரந்த சரிவு முழுவதும் ஒருசேரப் பெயர்ந்து விழும்.

இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில் நேர்கின்றன. புதுப்பனி மிகுதியாகப் பொழிந்தபின் ஓரிரு நாட்கள் காத்திருத்தல் நன்று. காலடியில் ‘தொம்’ என்ற ஓசை கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிட வேண்டும். அபாயச் சரிவைத் தவிர்க்க முடியாதபோது ஒவ்வொருவராகவே கடத்தல் வேண்டும். சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் புதையுண்டவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அது விரைந்து குறைகிறது. வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. உடன் வந்தோரே காப்போர். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் சண்டிகர் நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்த அன்னையாரிடமும் அவர் மகனிடமும் ஒருங்கே எடுத்துரைத்தேன். போக வேண்டாமென நான் சொல்லவில்லை. “மலை எங்கும் போய்விடாது, ஐயம் எழுந்தால் திரும்பி வா, அதற்காக உன்னை எவரும் இகழமாட்டார்” என்றேன். அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “திரும்பி வருவதாக எனக்கு வாக்குக் கொடு” என்று மகனிடம் கேட்டார். அவரும் கொடுத்தார்.

அன்பு மாணவர்களே! துணிவு வேண்டாமென உங்களை அடக்குவது முதியோர் கடனன்று. துணிவுக்குத் துணையாக அறிவைத் தருவதே எங்கள் கடன். சிகரத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே திரும்பும் உறுதி உங்களுக்கு வாய்க்குமாயின், எந்த உயரத்துக்கும் உங்களை நாங்கள் மகிழ்ந்து வழியனுப்புவோம்.