ஜாகாவா, கங்காணியா?

ரவாங் பட்டணத்துக்குத் துணி எடுக்கப் போகிறீர்களா? அடுத்த முறை போகும்போது, புடவையைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் தலையை நிமிர்த்திக் கடையின் கூரையைப் பாருங்கள். தேங்காய் மூடியைக் கவிழ்த்து ஒட்டியதுபோல ஒன்று தெரியும். கல்லாவுக்கு மேலே ஒன்று, வாசலுக்கு நேரே ஒன்று, பட்டுப் புடவை அலமாரிக்கு எதிரே ஒன்று. அதுதான் கண்காணிப்புக் கேமரா.

மின்சாரச் சாமான் எதுவும் ரவாங்குக்குப் புதிதல்ல. 1894-ஆம் ஆண்டிலேயே லோக் யூவும், பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக இங்கே மின்சார இயந்திரத்தைக் கொண்டு வந்து ஓட்டினார்கள். மலாயாவில் மின்சாரத்தை முதலில் கண்ட ஊர் நம் ஊர். ஆனால் இந்தக் கேமராவைப் பற்றி நமக்குள் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பால்மரம் வெட்டப் போவதில்லை. செம்பனைக் குலை தள்ளப் போவதில்லை. பட்டணத்துத் துணிக்கடையில் நிற்கிறார்கள். அந்தக் கேமராவுக்கு அடியில்தான் நாள் முழுவதும் நிற்கிறார்கள்.

பழைய கேமராவுக்கும் புதிய கேமராவுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் படம் பிடித்ததைக் கடைக்குள்ளேயே ஒரு பெட்டி பதிவு செய்துகொள்ளும். கல்லாவுக்குக் கீழே அந்தப் பெட்டி இருக்கும். விவரம் தெரிந்த திருடன் பணத்தை எடுத்த கையோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சாட்சி சொல்ல வேண்டியது திருடனோடேயே போய்விடும்! இப்போது வருபவை ‘கிளவுட்’ கேமராக்கள். படம் இணையக் கம்பி வழியாக வெளியே போய் வேறோர் இடத்தில் சேர்ந்துவிடுகிறது. கடையே எரிந்து போனாலும் அதுவரை அனுப்பிய படம் பத்திரமாக இருக்கும். முதலாளி எங்கே இருந்தாலும் கைப்பேசியில் கடையைப் பார்க்கலாம்.

கிளவுட் என்றால் மேகம். என் வகுப்புப் பிள்ளை ஒருவன், “மழை பெஞ்சா படம் நனைஞ்சிடாதா டீச்சர்?” என்று கேட்டான். சிரிக்காதீர்கள், நல்ல கேள்விதான். பெயர்தான் மேகமே தவிர, அது தரையில் இருக்கிறது. வரிசை வரிசையாகக் கணினிகளை அடுக்கி, இரவும் பகலும் குளிரூட்டி வைத்திருக்கும் பெரிய கட்டடம் அது. தரவு மையம் என்கிறார்கள். ஜொகூரில் கூலாய் யங் தோட்டம் இருந்த இடத்தில் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. செம்பனை நின்ற மண்ணில் கணினிகள் நிற்கின்றன. மேகம் கடைசியில் நம் தோட்டத்து மண்ணில்தான் வந்து இறங்கியிருக்கிறது, பார்த்தீர்களா! எல்லாக் கேமராவின் படமும் அங்கேதான் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். கேமரா விற்ற நிறுவனத்தைப் பொறுத்துச் சிங்கப்பூருக்கும் போகலாம், சீனாவுக்கும் போகலாம், அமெரிக்காவுக்கும் போகலாம்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவு படம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அது 21.6 ஜிகாபைட். நான்கு கேமரா என்றால் 86 ஜிகாபைட். இவ்வளவையும் அனுப்புவதற்கும் சேர்த்து வைப்பதற்கும் பணம் வேண்டும். அதனால் பல கேமராக்கள் ஏதாவது அசைந்தால் மட்டுமே படத்தை அனுப்பும். அனுப்பியதையும் முதலாளி கட்டும் மாதக் கட்டணத்தைப் பொறுத்து ஏழு நாளோ முப்பது நாளோதான் வைத்திருக்கும். பிறகு தானாகவே அழித்துவிடும். இணையம் அறுந்துவிட்டால், உள்ளே நினைவு அட்டை இல்லாத கேமரா வெறும் தேங்காய் மூடிதான். இந்த நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஜாகாவையும் தெரியும், கங்காணியையும் தெரியும். ஜாகா இரவில் ஸ்டோர் வாசலில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருப்பவர். வெளியிலிருந்து வரும் திருடனைப் பார்ப்பது அவர் வேலை. கங்காணியின் வேலை வேறு. பெரட்டுக் களத்தில் யார் வரவில்லை, நிரையில் யார் பின்தங்கினார்கள், யார் குனிந்த முதுகை நிமிர்த்தினார்கள் என்று உள்ளே இருப்பவர்களைப் பார்ப்பது. கண்காணி என்ற சொல்தான் கங்காணி ஆயிற்று. கண்காணிப்புக் கேமரா என்று பெயர் வைத்தவர்கள் இதை நினைத்து வைத்தார்களோ என்னவோ! துணிக்கடை முதலாளிகள் ஜாகா வேலைக்கு என்று சொல்லித்தான் கேமராவை மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகு அது எந்த வேலை பார்க்கிறது என்பதுதான் கேள்வி.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடைப் பெயரும் வேண்டாம், அவள் பெயரும் வேண்டாம். கெட்டிக்காரப் பெண். காலை பத்து மணிக்கு ஷட்டர் தூக்கினால் இரவு எட்டு மணிக்கு இறக்கும் வரை நிற்க வேண்டும். ஒரு நாள் என்னைப் பார்க்க வந்தவள் சொன்னாள்:

“மத்தியானம் மூணு மணி டீச்சர். கடையில ஆளே இல்ல. கால் வலிக்குதேன்னு துணிக்கட்டு மேல கொஞ்சம் உக்காந்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல, போன் அடிக்குது. ‘என்னம்மா, உடம்பு சரியில்லையா?’ன்னு முதலாளி கேக்குறாரு. அவரு சரக்கு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருக்காரு டீச்சர்!”

அவர் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் உட்காரவில்லை. அந்தக் காலத்துத் துரைகூட மேட்டுப் பங்களாவில் மதியம் கொஞ்சம் கண் அயர்வார். இந்தக் கங்காணிக்கு உறக்கமே கிடையாது.

உட்காருவது என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த விஜி என்னும் தையற்காரப் பெண், கடைகளில் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துப் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறை வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று ஆக்கியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் 2021-இல் அப்படியே திருத்தம் கொண்டு வந்தது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால்வலிக்காக இரண்டு மாநிலங்களில் சட்டம் மாறியது. நம் நாட்டில் தொழிலிடப் பாதுகாப்பு சுகாதார இலாகா, நின்றுகொண்டு வேலை செய்வோருக்காக 2002-இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. வழிகாட்டிதான், அந்தச் சட்டங்களுக்கு உள்ள பலம் அதற்கு இல்லை.

அந்தப் பெண்ணின் கதை இன்னும் முடியவில்லை. தீபாவளிக்கு முன் சரக்குக் கணக்கு எடுத்தபோது மூன்று பட்டுப் புடவை குறைந்தது. எந்த நாளில் போனது என்று யாருக்கும் தெரியாது. மூன்று பெண்களும் ஆளுக்குக் கொஞ்சம் சம்பளத்தில் விட்டுக்கொடுங்கள் என்றாராம் முதலாளி. இவள் தைரியமாக, “கேமராவைப் பாருங்க முதலாளி, தெரிஞ்சிடும்” என்றிருக்கிறாள். பார்த்தார்கள். ஏழு நாள் படம்தான் இருந்தது. அதற்கு முன்னால் எல்லாம் அழிந்துவிட்டது. கட்டணம் குறைந்த திட்டமாம் அது. அவள் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததைக் காஞ்சிபுரம் வரை காட்டிய கேமரா, அவள் திருடவில்லை என்று காட்ட வேண்டிய நாளில் கையை விரித்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சம்பளத்தில் எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. காணாமல் போன புடவையின் விலை அந்தப் பட்டியலில் இல்லை. தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம் என்றார் அவள் அப்பா. வேலை போய்விடுமே என்று அவள்தான் தடுத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலாளிகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்தில் இருநூறு கைகள் ஒரே நேரத்தில் துணியைப் புரட்டும்போது யார் கை எங்கே போகிறது என்று எந்த மனிதனால் பார்க்க முடியும்? ஆனால் கேமராவை மாட்டியதோடு அவர்கள் வேலை முடிந்துவிடவில்லை. 2021 மார்ச்சில் அமெரிக்காவில் வெர்காடா என்ற கிளவுட் கேமரா நிறுவனத்துக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். நிறுவனத்தின் தலைமைக் கணக்கு ஒன்றின் பெயரும் கடவுச்சொல்லும் இணையத்தில் வெளிப்பட்டுக் கிடந்தன. அந்த ஒரே சாவியால் ஏறக்குறைய 1,50,000 கேமராக்களைத் திறந்துவிட்டார்கள். மருத்துவமனை, சிறைச்சாலை, தொழிற்சாலை எல்லாம் அதில் அடக்கம். பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி. கேமரா மாட்ட வந்த பையன் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை மாற்றாமலே வைத்திருக்கும் கடைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உடுப்பு மாற்றிப் பார்க்கும் அறைக்குள் போகும் முன் கேமரா எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்று பாருங்கள். 2015 ஏப்ரலில் கோவாவின் கண்டோலிம் என்ற ஊரில், பேப்இந்தியா துணிக்கடைக்குப் போன அன்றைய மத்திய அமைச்சர் ஸ்மிருதி இரானி, உடை மாற்றும் அறையை நோக்கி ஒரு கேமரா இருப்பதாகக் கண்டு புகார் செய்தார். கடைப் பகுதியின் காவலுக்காக வைத்தது, மறைத்து வைத்ததல்ல என்று நிறுவனம் சொன்னது. வேண்டுமென்று வைத்ததோ, கவனக் குறைவோ, அது வேறு பேச்சு. அமைச்சர் நிமிர்ந்து பார்த்ததால் தெரிந்தது. நாம் நிமிர்ந்து பார்க்கிறோமா?

நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. உங்கள் முகமும் உங்களைப் பற்றிய தகவல்தான். வியாபாரத்துக்காக அதை எடுத்து வைப்பவர் எதற்காக எடுக்கிறார் என்று அறிவிக்க வேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கசியாமல் காக்க வேண்டும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தின் உச்ச அளவை 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளியாக உயர்த்தினார்கள். தகவல் கசிந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு 72 மணி நேரக் கெடு 2025 ஜூன் 1 முதல் இருக்கிறது. அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தமிழில் வைக்கக் கூடாது என்று அதில் எங்கும் சொல்லவில்லை. புடவை விலையைத் தமிழில் எழுதி ஒட்டத் தெரிந்த கடைக்கு இதுவும் முடியும்.

அதே சட்டத்தின்படி, உங்களைப் பற்றி வைத்திருப்பதைக் காட்டும்படி நீங்கள் எழுத்து மூலம் கேட்கலாம். கட்டணம் கொஞ்சம் கேட்பார்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 21 நாள் அவகாசம் உண்டு. நான் மனத்தில் வைக்கச் சொன்ன நாள் கணக்கு இதற்குத்தான். படமோ ஏழு நாளில் அழிந்துவிடலாம். ஆகவே உங்கள் மகள் மேலோ உங்கள் மேலோ வீண் பழி விழுந்தால், அழுதுகொண்டு வீட்டுக்கு வந்து நாலு நாள் கழித்து யோசிக்காதீர்கள். அன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கடையின் எந்தப் பக்கம், அன்று என்ன நிற உடுப்பு என்று எழுதி, அந்தப் படத்தை அழிக்காமல் எடுத்து வையுங்கள் என்று கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, அங்கேயே நின்று அவருக்கு அனுப்பிவிடுங்கள்; தேதியும் நேரமும் அதில் பதிந்துவிடும். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள், பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிக்கு மாலை நேரத்தில் போய்க் கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம்தானே, எந்த ஆசிரியரும் எழுதிக் கொடுப்பார்.