சுவரைக் கொத்துமுன்



வள்ளியூரில் பாட்டனார் கட்டிய வீட்டைச் சென்ற ஷஅபானில் பழுதுபார்க்கத் தொடங்கினோம். ரமழானுக்குள் முடித்துவிடும் அவசரம். முதல் நாள் லுஹர் தொழுதுவிட்டு மத்ரஸாவிலிருந்து திரும்பியபோது வீடெங்கும் வெண்புழுதி. மூச்சிரைப்புள்ள நம் இளைய மகள் திண்ணையில் இருமிக்கொண்டிருந்தாள். சித்தாளாக வந்த அம்மையார் முந்தானையால் வாயை மூடியபடி கூட்டிக்கொண்டிருந்தார். "தினமும் தின்னுற தூசிதானே பாய்" என்றார் கொத்தனார். தீங்கை விலக்கும் ஃபிக்ஹு விதியை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நாம், அவர்கள் நுரையீரலை நினையாமல் கூலி மட்டும் பேசியிருந்தோம்.

மறுநாள் உளி எடுக்கவில்லை. சுவர் எதனால் ஆனது என்று பார்த்தோம். மேற்பகுதியை நகத்தால் கீறினால் வெண்பொடி உதிர்ந்தது. உடைந்த விளிம்பில் கிளிஞ்சல் துணுக்குகளும் சுண்ணாம்புக் கட்டிகளும் தெரிந்தன. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் குழைத்த காரை என்று வாப்பா சொன்னது இதைத்தான். கீழே மூன்றடி உயரத்துக்கு மட்டும் சாம்பல் நிறம். கீறல் விழவில்லை, தட்டினால் பொள்ளென்றது. ஈரத்தை மறைக்கப் பிற்காலத்தில் பூசிய சிமெண்ட் அது. காரை ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் அடைத்துவிடும். அதனால்தான் உப்பு மேலேறிப் பூச்சு உதிர்ந்தது. வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்பார்கள். பழைய சிமெண்ட்டும் ஓரளவு நுரைக்கும். அதை மட்டும் நம்பலாகாது.

சிமெண்ட்டை மட்டும் நீர் தெளித்துத் தெளித்துப் பெயர்த்தார்கள். மணல் கலந்த எந்தப் பூச்சின் நுண்தூளும் நுரையீரலுக்குக் கேடு. துணி அதைத் தடுக்காது. எனவே இருவருக்கும் முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் வாங்கினோம். துடைப்பத்தை விலக்கி ஈரத்துணியால் துடைத்தோம். மகளை அவள் மாமி வீட்டுக்கு அனுப்பினோம்.

நம்மை அதிகம் அச்சுறுத்தியது பின்கட்டுக் கூரைதான். சாம்பல் நிற நெளிவு ஷீட். அதில் துளையிட்டுக் குழாய் செலுத்துவதாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் 1995இல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வுக்குப்பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை, காக்கச் சொன்னது. இருந்தும் அந்த ஷீட் இன்றும் கடையில் கிடைக்கிறது. அந்த இழை கலந்ததா இல்லையா என்பதைக் கண்ணாலோ வினிகராலோ அறிய இயலாது, ஆய்வகமே சொல்லும். ஐயமிருந்தால் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அறுக்காமல், துளையிடாமல், உடைக்காமல் இருந்தால் இழை பெரிதும் பறக்காது. குழாயைச் சுவர் வழியே திருப்பினோம். ஷீட்டைக் கழற்றிவிடலாம் என்கிறான் தம்பி. கழற்றியதை எந்தக் குப்பைமேட்டில், எவர் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடுவது?

சுண்ணாம்புப் பூச்சு மெல்லத்தான் இறுகும். இவ்வாண்டு ரமழான் முழுதும் திண்ணையிலேயே நோன்பு திறந்தோம்.