பேசினால் மறையும் வரைபடம்

"டிஸ்ப்ளே சரியில்லை" என்று பழுதுகளைக் குறிக்கும் ஸ்நாக் புத்தகத்தில் எழுதிவிட்டு விமானி சாப்பிடப் போய்விடுவார். எந்த டிஸ்ப்ளே, எப்போது, எவ்வளவு நேரம், அப்போது விமானம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதெல்லாம் இருக்காது. சிறு விமானங்களின் மின்னணுக் கருவிகளைப் பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். விமானியின் கண்ணில் படுவது திரை, அதனால் குற்றவாளியும் திரைதான். மொட்டைக் கடிதம் வந்ததற்குத் தபால்காரரைப் பிடித்து உதைப்பது மாதிரி. உண்மையில் திரை கெட்டுப்போவது அபூர்வம். தனக்கு வந்து சேர்வதைத்தான் அது காட்டுகிறது.

நான் அதிகம் பார்த்தது செஸ்னா 172 விமானத்தில் வரும் கார்மின் ஜி1000. முன்னால் 10.4 அங்குலத்தில் இரண்டு திரைகள். இடது பக்கத்தில் சாய்வு, வேகம், உயரம், திசை. வலது பக்கத்தில் வரைபடமும் எஞ்சின் அளவுகளும். ஒரு திரை அணைந்துபோனால் ஆடியோ பேனலில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம், மிச்சமிருக்கும் திரை இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கும். நிஜமான வேலை நடப்பது பின்னால் இருக்கும் பெட்டிகளில். சாய்வை உணர ஒன்று, காற்றழுத்தத்தை அளக்க ஒன்று, ரேடியோவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்தது இரண்டு. இறக்கைக்குள் மேக்னெட்டோமீட்டர். இவற்றில் ஒன்று பேச்சை நிறுத்தினால் திரையில் அதற்குரிய இடத்தில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும்.

அந்தச் சிவப்புக் குறி மேல் எனக்கு மரியாதை உண்டு. பழைய விமானங்களில் வேக்குவம் பம்ப் நின்றால் சாய்வு காட்டும் கைரோ உடனே விழாது. சுழலும் வேகம் குறையக் குறைய மெல்லச் சாயும். மேகத்துக்குள் இருக்கும் விமானி அதை நம்பித் தானும் கூடவே சாய்வார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடும் கருவி அதைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் நல்ல கருவி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. திரை பொருத்திய சிறு விமானங்களைப் பற்றி அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவற்றின் மொத்த விபத்து விகிதம் பழைய கடிகார முகக் கருவிகள் கொண்டவற்றைவிடக் குறைவு, உயிர்ச்சேத விபத்து விகிதமோ அதிகம் என்பது அதில் கண்டது. திரையை நம்பி நீண்ட தூரமும் மோசமான வானிலையிலும் போகிறார்கள் என்பது ஒரு பக்கம். அந்தக் கருவி உள்ளுக்குள் எப்படி வேலை செய்கிறது, எப்படிப் பழுதாகும் என்பது பறப்பவருக்குப் போதிய அளவு தெரிவதில்லை என்பது இன்னொரு பக்கம். ஸ்நாக் புத்தகத்தைத் திறந்தால் இந்த இரண்டாவது பக்கம் நன்றாகவே தெரியும்.

"ஊசி அசையவில்லை" என்று ஒரு புகார் அடிக்கடி வரும். போய்ப் பார்த்தால் திரையில் வழி காட்டும் ஊசி பச்சை நிறத்தில் நிற்கும். அப்படியானால் அது தரையிலுள்ள விஓஆர் என்ற வழிகாட்டி ரேடியோ நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஜிபிஎஸ் வழியில் போக வேண்டுமென்றால் அது மெஜந்தாவில் இருக்க வேண்டும். சிடிஐ என்று போட்ட பொத்தானைத் தட்டினால் மாறிவிடும். இதைப் புத்தகத்தில் யார் மனமும் நோகாமல் எழுத ஒரு வாசகம் இருக்கிறது: "சோதிக்கப்பட்டது, திருப்திகரம்." ஆவணங்களில் இதைவிட நம்பத்தகாத வாசகத்தை நான் பார்த்ததில்லை. எதுவும் கெடவில்லை என்பதற்கும் இதுதான், எதைத் தேடுவது என்று தெரியவில்லை என்பதற்கும் இதுதான்.

திசைக் கோளாறு வேறு ரகம். மேக்னெட்டோமீட்டர் உணர்வது பூமியின் காந்தப்புலத்தை, அது மிகவும் மெலிந்தது. பக்கத்தில் இருக்கும் இறக்கை மூடியை மாட்டும்போது காந்தம் ஏறாத திருகாணிக்குப் பதில் கைக்குக் கிடைத்த எஃகுத் திருகாணியைப் போட்டால் போதும், திசை தப்பிவிடும். ஹேங்கருக்குள் நின்றால் சுற்றியுள்ள இரும்பே அதைக் குழப்பும். திரையைக் கண்காணித்தபடி ஓர் ஆளை விட்டு இறக்கை ஓரம் சாதாரண ஸ்குரூடிரைவரைக் கொண்டுபோனால், நின்ற இடத்திலேயே விமானம் திரும்புவதாகத் திரை சொல்லும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு இதைச் செய்து காட்டினால் போதும், அப்புறம் டூல் பெட்டியை இறக்கை மேல் வைக்க மாட்டார்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு பயிற்சி விமானத்தின் ஜிபிஎஸ். நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போது வரைபடத்தின் குறுக்கே "நோ ஜிபிஎஸ் பொசிஷன்" என்று வரும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். தரையில் போட்டுப் பார்த்தால் செயற்கைக்கோள் சிக்னலைக் காட்டும் பக்கத்தில் பட்டைகள் எல்லாம் உயரமாக நிற்கும். இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றிப் போட்டோம். ஆன்டெனா கனெக்டர்களைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். ஸ்நாக் திரும்பவும் வந்தது. இரண்டு ஜிபிஎஸ்ஸும் ஒரே நேரத்தில் விழுந்து ஒரே நேரத்தில் எழுந்தன. தனித்தனிப் பெட்டிகள் அப்படி ஜோடி சேர்ந்து சாகாது. வெளியிலிருந்து ஏதோ வருகிறது என்பது வரைக்கும் புரிந்தது.

ஹேங்கரில் வேறொரு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புகார் ஒரே ஒரு மூத்த பயிற்றுநரின் பெயரில்தான் வருகிறது, அது கேப்டனின் கை ராசி என்று. விளையாட்டாகச் சொன்னதுதான், ஆனால் அதில் விஷயம் இருந்தது. அவரோடு பறந்த மாணவனைக் கூப்பிட்டேன்.

"மேப் போனப்ப கேப்டன் என்னப்பா பண்ணிட்டிருந்தார்?"

"பேசிட்டிருந்தார் சார்."

"உன்கிட்டயா?"

"இல்ல சார், ரேடியோல. ஆப்ஸ்கூட."

ஆப்ஸ் என்றால் பள்ளியின் ஆபரேஷன்ஸ் அறை. அடுத்த சார்ட்டி, அதாவது பறப்பு, யாருக்கு, பெட்ரோல் வண்டி வந்ததா, ஹாஸ்டல் தண்ணி மோட்டார் சரியானதா, எல்லாவற்றையும் மேலே இருந்தே விசாரித்துவிடுகிற மனிதர் அவர். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும்போது வரைபடம் போவதில்லை. பள்ளியின் சொந்தச் சானலில் பேசும்போது மட்டும் போகிறது. அந்தச் சானல் 131.275 மெகாஹெர்ட்ஸ். கையிலிருந்த ஜாப் கார்டின் பின்புறத்தில் 12-ஆல் பெருக்கினேன். 1575.3. ஜிபிஎஸ் வருவது 1575.42-இல்.

எந்த ஒலிபரப்பியும் தன் அலைவரிசையின் மடங்குகளிலும் கொஞ்சம் கசியும். செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு பலவீனமானது என்பதால் அந்தக் கசிவே அதை அமுக்கிவிடும். 121.15 முதல் 121.20 வரையுள்ள அலைவரிசைகளுக்கும் இதே தொந்தரவு, அங்கே 13 மடங்கு. கருவியைப் பொருத்தும் கையேட்டிலேயே இந்த எண்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்துக்குமேல் ஒலிபரப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கும்.

விமானத்தைத் திறந்த வெளிக்கு இழுத்துப்போனோம். ஆப்ஸிடம் சொல்லிவிட்டு மாணவன் பொத்தானை அமுக்கிப் பிடித்தான். சில நொடிகள் ஒன்றும் இல்லை. பிறகு பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குட்டையாகி, வரைபடம் போயிற்று. வால் பக்கத்தில் இருக்கும் ஈஎல்டி, அதாவது விமானம் விழுந்தால் தானே அபாயக்குரல் கொடுக்கும் கருவி, அதன் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி அமுக்கச் சொன்னேன். பட்டை ஒன்றுகூட அசையவில்லை. ரேடியோவின் ஒலிபரப்பை ஈஎல்டி தன் ஆன்டெனாவில் வாங்கி, அதன் மடங்குகளாக்கித் திரும்ப வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அணைந்து கிடக்கிற கருவி அது. அதை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்தக் கேபிளின் நடுவே, குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தடுக்கும் சின்ன ஃபில்டர் ஒன்றைக் கோக்க வேண்டும், அவ்வளவுதான் சிகிச்சை. ஃபில்டர் வந்து சேரும்வரை அந்தச் சானலில் பேச வேண்டாம் என்று கேப்டனிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஹாஸ்டல் மோட்டார் விவகாரம் அத்தனை நாளும் தரையிலேயே தீர்க்கப்பட்டது.

அதே வகை ஈஎல்டி பொருத்திய பக்கத்து விமானத்தையும் வெளியே இழுத்துப்போய் அமுக்கிப் பார்த்தோம். அதிலும் வரைபடம் போயிற்று. அந்த விமானத்தின் ஸ்நாக் புத்தகத்தில் ஜிபிஎஸ் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதில் பறக்கிறவர்கள் ஆப்ஸோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர்கள்.