கிரெடிட் போய்ச் சேரும் இடம்

டெக்சாஸில் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பள்ளியில் உட்கார்ந்து அமெரிக்க வரலாறு படிக்கிறாள். ஆண்டு முடிவில் அந்தப் படிப்பு இரண்டு கணக்கில் வரவாகிறது. பள்ளியை முடிக்கத் தேவையான வரலாற்றுப் பாடம் தீர்ந்துவிடுகிறது. கூடவே கல்லூரியில் ஆறு கிரெடிட்டும் ஏறிவிடுகிறது. டூயல் கிரெடிட் என்பார்கள். கம்யூனிட்டி காலேஜ் ஒன்றில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இந்த வகுப்புகளை ஏற்பாடு செய்து தருவது என் பிழைப்பு.

ஏபி என்கிற அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்டை ஊரில் இருப்பவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது நம் பொதுத்தேர்வுக்குத் தம்பி. மே மாதத்தில் ஒரே தேர்வு. 1 முதல் 5 வரை மதிப்பெண். மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் கல்லூரி மனம் வைத்து கிரெடிட் தரும். சரியாக எழுதவில்லையா, மதிப்பெண்ணை அனுப்பாமலே விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் அந்த வசதி இல்லை. செமஸ்டர் முழுக்க எழுதிய கட்டுரைகளும் தேர்வுகளும் சேர்ந்து ஒரு கிரேடு. அது கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் ஏறினால் ஏறியதுதான். பதினைந்து வயதில் வாங்கிய ‘எஃப்’ இருபது வயதில் நிதியுதவிக்கு மனுப் போடும்போது, எடுத்த பாடங்களில் எத்தனை விழுக்காடு தேறினாய் என்ற கணக்கில் வந்து நிற்கும். சேர்க்கைக் கூட்டங்களில் நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இலவசமாகக் கிடைப்பதற்கு இவன் ஏன் பயமுறுத்துகிறான் என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எப்போதும் எழும்.

மினசோட்டா 1985-இலேயே இதற்குச் சட்டம் போட்டது. 2022-23 கல்வியாண்டில் நாடு முழுவதும் சுமார் 25 லட்சம் பள்ளி மாணவர்கள் இப்படிக் கல்லூரிப் பாடம் எடுத்தார்கள். டெக்சாஸில் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் எத்தனை பாடம், எந்த வகுப்பிலிருந்து என்ற வரம்புகளைத் தளர்த்திய பிறகு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள்.

ஒரு பள்ளி வகுப்பு கேட்டு வந்தால், அங்கே பாடம் நடத்தப்போகிற ஆசிரியரின் முதுகலை டிரான்ஸ்கிரிப்டைத்தான் நான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். எங்களுக்கு அங்கீகாரம் தரும் சாக்ஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி, பட்டப் படிப்புக்குப் போய்ச் சேரும் பாடத்தை நடத்துகிறவரிடம் முதுகலைப் பட்டம் வேண்டும். அதில் நடத்தும் பாடத்திலேயே குறைந்தது 18 கிரெடிட் இருக்க வேண்டும். மஞ்சள் ஹைலைட்டரை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் போவேன். ஆங்கில ஆசிரியை, பல ஆண்டு அனுபவம், கல்வியியலில் முதுகலை. பாடத்திட்ட வடிவமைப்பு: கோடு போட முடியாது. பள்ளி நிர்வாகம்: முடியாது. மதிப்பீட்டு முறைகள்: முடியாது. ஷேக்ஸ்பியர் பற்றி ஒரு பாடம், எழுத்துக் கலை பற்றி ஒன்று: இரண்டு மஞ்சள் கோடு, ஆறு கிரெடிட். இன்னும் பன்னிரண்டு, அதாவது நான்கு பாடம் குறைகிறது. “எங்கள் பள்ளியிலேயே சிறந்த ஆசிரியை அவர்தான்” என்பார் பிரின்சிபால். உண்மையாகத்தான் இருக்கும். நான் அந்த வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நானே ஒப்புக்கொள்வேன்.

ஆனாலும் கையெழுத்துப் போடமாட்டேன். அந்த வகுப்பில் படிக்கும் மாணவி இரண்டு ஆண்டு கழித்து வேறொரு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது, அங்கே இருப்பவர்கள் இந்த வகுப்பறையைப் பார்க்கப்போவதில்லை. அவர்களுக்குத் தெரிவது டிரான்ஸ்கிரிப்டில் உள்ள ஒரு வரி மட்டும். அந்த வரியை நம்பி ஏற்றுக்கொள்வது, இந்தப் பக்கம் யாரோ ஒருவர் ஆசிரியரின் தகுதியைச் சரிபார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான். 18 என்ற எண்ணில் புனிதம் ஏதும் இல்லை, முரட்டு அளவுகோல்தான். ஆனால் பள்ளிக்குப் பள்ளி முகம் பார்த்துத் தளர்த்த ஆரம்பித்தால் எல்லாப் பிள்ளைகளின் கிரெடிட்டும் மலிந்துபோகும். சில பள்ளி மாவட்டங்கள் செலவை ஏற்று ஆசிரியர்களை அந்த மீதிப் பாடங்களைப் படிக்க வைக்கின்றன. அதுவரை எங்கள் பேராசிரியர் ஒருவர் காரோட்டிக்கொண்டு போவார், அல்லது ஆன்லைனில் நடத்துவார்.

அடுத்த தலைவலி மணி. மூன்று கிரெடிட் பாடத்துக்கு நாங்கள் ஒதுக்குவது 48 மணி நேரம், வாரத்துக்கு மூன்று. பள்ளியில் தினமும் மணி அடிக்கிறது, தினமும் வகுப்பு இருக்கிறது, ஆகவே நேரம் மிஞ்சுகிறது. மிஞ்சுவது நல்லதுதானே என்று தோன்றும். நடப்பது என்னவென்றால், வீட்டில் தனியாகப் படிக்க வேண்டியதை ஆசிரியரே வகுப்பில் வைத்து ஊட்டிவிடுகிறார். பிள்ளை ‘ஏ’ வாங்கிவிடுகிறது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் வாரம் மூன்றே மணி நேரம் வகுப்பு நடத்திவிட்டு மீதியை நீயே பார்த்துக்கொள் என்னும்போது விழிக்கிறது. வாரத்தில் ஒரு நாளைக் காலியாக விடச் சொல்லி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் தாமாகப் படிக்கட்டும், சந்தேகம் இருப்பவர் மட்டும் மேசைக்கு வரட்டும். பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேருக்குச் சும்மா இருக்கும் வகுப்பறையைப் பார்த்தால் கை பரபரக்கிறது. பிறகு பள்ளிக்கு ஒரு வசந்த விடுமுறை, எங்களுக்கு வேறொரு வாரம். பள்ளியில் மறுதேர்வு எழுதலாம், எங்கள் சிலபஸில் அது இல்லை. இதையெல்லாம் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவைக்காவிட்டால் அக்டோபரில் சண்டை நிச்சயம்.

பெற்றோர் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 1974-இன் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் பதிவு செய்துவிட்ட மாணவரின் பதிவேட்டு உரிமை மாணவருக்கே போய்விடுகிறது. வயது பதினைந்தாக இருந்தாலும் சரி. என் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு தமிழ் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“சார், நீங்களும் நம்ம ஊர்தானே? பையனோட மார்க் என்னன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“அவன் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் ஒண்ணு வேணும்மா. அது வந்தா சொல்லிடலாம்.”

“பதினாறு வயசுப் பையன்கிட்ட நான் அனுமதி கேக்கணுமா?”

கேட்க வேண்டும் என்றேன். பள்ளிக்குப் போகும் கிரேடைப் பள்ளி வழியாக அவர் பார்த்துக்கொள்ளலாம், வரிக் கணக்கில் பையனைச் சார்ந்தவனாகக் காட்டியிருந்தால் அதற்கும் ஒரு வழி உண்டு என்று விளக்கினேன். மனம் ஆறவில்லை. மறுநாள் ஃபார்ம் வந்துவிட்டது. பையனிடம் எப்படிக் கையெழுத்து வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. எல்லோரும் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள். உங்கள் பெண் எத்தனை கிரெடிட் முடித்துவிட்டாள்? நாற்பத்தைந்தா, அறுபதா? அறுபது என்றால் அசோசியேட் பட்டம். இளங்கலைக்கு 120 என்பதால் பாதி கிணறு தாண்டியாயிற்று என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த அறுபதும் எதற்கு என்று கேட்கிறவர்கள் குறைவு.

டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவாக 42 கிரெடிட் கொண்ட அடிப்படைப் பாடத்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை ஓர் அரசுக் கல்லூரியில் முழுதாக முடித்தால் இன்னோர் அரசுப் பல்கலைக்கழகம் மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பாட எண்களும் பொது: 1301 என்றால் முதல் ஆண்டுப் பாடம், இரண்டாம் இலக்கமான 3 அதன் கிரெடிட். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு இருந்தும் ஓட்டை விழுகிற இடம் ஒன்று உண்டு. பள்ளிகள் எளிதில் தரக்கூடிய கணிதம் 1314, அதாவது காலேஜ் அல்ஜீப்ரா. பொறியியலுக்குப் போகிறவளுக்கு வேண்டியது 2413, கால்குலஸ். அல்ஜீப்ராவும் உளவியலும் இசை ரசனையும் எடுத்து நாற்பத்தைந்து கிரெடிட் சேர்த்துக்கொண்டு பொறியியலில் நுழைகிற பெண்ணுக்கு, அந்தப் பட்டத்தின் கணித, இயற்பியல் வரிசை முதல் படியிலிருந்தே தொடங்குகிறது. கிரெடிட் எதுவும் மறுக்கப்படவில்லை. ஆனால் நான்கு ஆண்டு நான்கு ஆண்டாகவே இருக்கிறது. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் என்றால் இன்னும் சிக்கல்: பள்ளிக் கணக்கில் ஒருமுறை சேர்ந்த பாடத்தை எங்கள் கணக்கில் சேர்க்கமாட்டோம் என்று சொல்கிறவை அவற்றில் பல.

2023-இல் வந்த ஹவுஸ் பில் 8 என்ற சட்டத்தை நான் பாராட்டுவது இதனால்தான். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டூயல் கிரெடிட்டை இலவசமாக்கியது அதன் ஒரு பாதி. மற்றப் பாதி, கம்யூனிட்டி காலேஜுக்குப் பணம் எப்படி வரும் என்பதை மாற்றியது. மாணவர் வெறுமனே பதிவு செய்தால் போதாது. 15 டூயல் கிரெடிட்டாவது முடிக்க வேண்டும், அதுவும் ஒரு பட்டத்துக்கோ தொழிற்படிப்புக்கோ பொருந்துகிறதாக இருக்க வேண்டும். பொருந்துகிறது என்ற சொல் சட்டத்துக்குள் வந்த பிறகு கூட்டங்களில் என் பேச்சுக்குக் கொஞ்சம் காது கிடைக்கிறது.

இப்போதெல்லாம் பாடப் பட்டியலைக் கையில் எடுக்குமுன் பள்ளிகளில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகள் சென்ற ஆண்டு எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், எந்தத் துறைக்கு? அந்தத் துறைகளின் முதலாண்டுப் பாடத்திட்டத்தை மேசையில் விரித்துவைத்து, அங்கிருந்து பின்னோக்கி வருகிறோம். ஒரு பள்ளியில் இப்படிப் பார்த்தபோது பொறியியல், செவிலியர், கணக்கியல் மூன்றுமே பெரிய கூட்டம் என்று தெரிந்தது. பட்டியலில் இருந்த ஐந்தாறு பாடங்களை எடுத்துவிட்டு உடற்கூறியலையும் கால்குலஸையும் சேர்த்தோம். மொத்தக் கிரெடிட் எண்ணிக்கை இறங்கியது. பள்ளியின் சுவரொட்டிக்கு அது அழகில்லை என்று ஒருவர் வருந்தினார்.

உடற்கூறியலுக்கு ஆள் கிடைத்துவிட்டார். கால்குலஸுக்கு இல்லை, கணிதத்தில் முதுகலை முடித்தவர் பள்ளிச் சம்பளத்தில் தங்குவது அரிது. அந்த மாணவர்களைக் காலை வேளையில் பேருந்தில் எங்கள் கல்லூரிக்கே கூட்டி வரலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். பேருந்துச் செலவு யாருடையது என்பதில் இன்னும் நிற்கிறது.